பதிவு தொடங்கும் முன் பதினேழு நிமிடங்கள்

அந்தக் கணினி முழுதாக விழித்தெழ ஏழு நிமிடங்கள் எடுக்கும். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வேலையாகப் பெயர் சொல்லி, அது தொடங்கிவிட்டது என்று காட்டிக்கொண்டே போகும். பிறகு ஒரு வரியில் வந்து நின்றுவிடும். நாலு நிமிடம் அப்படியே நிற்கும். அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மீதியைத் தொடரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. தலவாக்கலைக்குப் பக்கத்தில், ஒன்பது தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு மேல் அலுவலகத்தில் எனக்கு வேலை. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து, ஹட்டனில் ஒரு வருடம் கணினி படித்திருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்களில் அந்த அலுவலகத்தில் கதிரை கிடைத்தவள் நான் ஒருத்திதான். யார் எந்த நாளில் எந்த மலையில் வேலைக்குப் போனார்கள் என்று தோட்டங்களிலிருந்து வரும் புத்தகங்களைப் பார்த்து, நானும் இன்னும் மூன்று பேரும் கணினியில் ஏற்றுவோம். மற்ற மூன்று பேரின் திரைகளும் அந்த ஒரு பெரிய கணினியை நம்பித்தான் இருந்தன. அது எழும்பினால்தான் எங்களுக்கு வேலை. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மாலையில் இடி மின்னலுக்குப் பயந்து அதை அணைத்துவிட்டுப் போவேன். காலையில் எட்டு மணிக்கு எல்லாத் திரைகளும் தயாராக இருக்க வேண்டும். அதுதான் என்னால் முடியாமல் இருந்தது.

மகளுக்கு அப்போது பத்து மாதம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் நின்றார், மாதம் ஒருமுறை வருவார். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில்தான் நானும் மகளை விட்டேன். அதை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். ஏழு பத்துக்கு ஒரு பஸ். அதைப் பிடித்தால் எட்டுக்கு முன் அலுவலகம். மகள் என் சேலையை விட வேண்டும், அழுகை நிற்க வேண்டும், ஆயம்மா பால் போத்தலை வாங்க வேண்டும். பத்து நிமிடத்தில் இத்தனையும் நடந்த நாட்கள் குறைவு.

"ஆபீஸ் அம்மா வந்திட்டாங்கடி, போயி பஸ்ஸ நிப்பாட்டுங்க!" என்று ஆயம்மா மற்றத் தாய்மாரிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே ஓடுவேன். அநேகமாக ஏழு இருபத்தைந்து பஸ்தான் கிடைக்கும்.

எனக்காகக் காலையில் அந்தக் கணினியைப் போட்டு வைத்தவர் அலுவலகத்துப் பியோன். நான் அவரை மாமா என்பேன். தேயிலைத் தொழிற்சாலை மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போனதால் அவருக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். அலுவலகத்தின் பின்னால் ஓர் அறை அவருக்கு. மனைவியும் மகளும் அதில்தான் இருந்தார்கள். மகள் அந்த வருடம் ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுத வேண்டும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். "இந்த ரூமு இருக்கிறதாலதான் புள்ள அவ படிக்கிறா. தோட்டத்தில இருந்திருந்தா எப்பவோ நின்னிருப்பா" என்று அடிக்கடி சொல்வார்.

ஒருநாள் நான் எட்டு பத்துக்கு மூச்சிரைக்க வந்தபோது அவரே கேட்டார்.

"அந்தப் பொத்தான அமுக்கிறது மட்டுந்தானே புள்ள? நான் அமுக்கி வச்சிர்றேன். இதுக்குப் போயி ஏன் இந்த ஓட்டம் ஓடுறே?"

"பெரிய கிளாக்கருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு மாமா. வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நான் யாரும் இல்லையே. நான் பியோன்தானே."

இருவரும் சிரித்தோம். அடுத்த நாளிலிருந்து ஏழேகாலுக்குப் பாடசாலை வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு கீழ்ப் பாதையில் போகும்போது அவர் பொத்தானை அழுத்துவார். கணினிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தார். "பெரியம்மா எந்திரிக்கிறதுக்குள்ள நான் பல்லு வெளக்கி, மூஞ்சி கழுவி, தேத்தண்ணியும் குடிச்சிருவேன். அப்பவும் அந்த ஒரு எடத்தில நின்னுக்கிட்டு யோசிக்கும், அடுப்ப அணைச்சேனா இல்லையான்னு."

அந்த ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு எதுவும் உறுத்தும். கையேட்டை எடுத்துப் படித்தேன். கணினி எழும்பும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. சிறிய எண் முதலில், பெரிய எண் கடைசியில். பன்னிரண்டாம் எண்ணில் இருந்தது பதிவு வேலை. மற்ற வேலைகள் என்ன செய்கின்றன, எங்கே தவறின என்பதை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைப்பதே அதன் தொழில். கணினியைப் பொருத்திக் கொடுத்த கொழும்புக்காரர்கள், அந்தப் பதிவின் ஒரு பிரதி கொழும்புக் கணினிக்கும் போகும்படி செய்திருந்தார்கள். காலையில் எங்கள் தொலைபேசி இணைப்பு உயிரோடு இருக்காது. பதிவு வேலை கொழும்பைத் தேடித் தேடி, கிடைக்காமல், நாலு நிமிடம் கழித்துக் கைவிடும். அதுவரை மற்ற எல்லா வேலைகளும் அதன் பின்னால் வரிசையில் நின்றன.

பன்னிரண்டைத் தொண்ணூற்றொன்பதாக மாற்றினேன். பதிவு வேலை கடைசிக்குப் போனது. கொழும்பைத் தேடுவதானால் மற்றவை எல்லாம் எழும்பிய பிறகு தேடட்டும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுத்தால், எட்டு மணிக்கு ஏன் உனக்கு அவசரம், நீ எப்போது வருகிறாய் என்று பேச்சு வளரும் என்று பயந்தேன். இப்போது யோசித்தால் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

மூன்று நிமிடத்தில் எல்லாத் திரைகளும் வரத் தொடங்கின. அலுவலகத்தை நடத்தும் பெரிய கிளாக்கர் ஒருநாள் என் மேசைக்கே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக மலைநாட்டில் இருப்பவர், சிரிக்காதவர். "இப்ப கெதியா வேலை செய்யுது. நல்லது பிள்ளை" என்றார். அந்த மாதம் முழுவதும் எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மே மாதத்துக் கடைசி. விடியற்காலையிலிருந்து மழை. எட்டு பத்துக்கு நான் நனைந்துகொண்டு உள்ளே போனபோது மாமா வாசலிலேயே நின்றார்.

"புள்ள, பெரியம்மாவுக்கு என்னமோ ஆச்சு. வான் போனதும் பொத்தான அமுக்கினேன். எழுத்து ஓடுச்சு. பாதியில கரண்ட் போயிருச்சு. கீழ இருக்கிற பொட்டி கீ கீன்னு கத்துச்சு. கொஞ்ச நேரத்தில அதுவும் அடங்கி, எல்லாமே அணைஞ்சிருச்சு. அப்புறம் கரண்ட் வந்ததும் தானாவே எந்திரிச்சிச்சு. ஆனா அந்தப் புள்ளைங்க வந்து பாத்திட்டு ஒண்ணும் வரலன்னு சொல்லுறாங்க."

கீழே இருந்த பெட்டி யூ.பி.எஸ். மின்சாரம் நின்றால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கும். பற்றரி பழசு, ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும். தரவுகளைத் திறந்து அடுக்கும் நேரத்தில் மின்சாரம் போயிருக்க வேண்டும். ஒன்பது தோட்டங்களின் மூன்று மாதப் பெயர்கள் சிதைந்து கிடந்தன. புத்தகங்களைப் பார்த்துத் திரும்ப ஏற்றலாம், நாலு பேருக்கு ஒன்றரை மாத வேலை. அது பெரிய துன்பம் இல்லை. யார் செய்தது என்று கொழும்பு கேட்டதுதான் துன்பம்.

பெரிய கிளாக்கரின் குவார்ட்டர்ஸ் எதிர்மலையில் இருந்தது. அங்கே மின்சாரம் நிற்கவில்லை. ஏழு மணி முதல் ஏழரை வரை வானொலிச் செய்தியைத் தடையில்லாமல் கேட்டுவிட்டுத்தான் அவர் புறப்பட்டிருந்தார். இரண்டு மலைக்கும் வேறு வேறு மின்சார லைன் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காதால் கேட்ட செய்தி அவருக்குப் பெரிதாக இருந்தது. அதோடு பழைய கதை ஒன்றும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பிரிண்டரின் வயரைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில் மாமா தேநீர்க் கேத்திலைச் செருகியிருந்ததை அவர் பிடித்திருந்தார்.

என்னைக் கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். மறுமுனையில் இருந்த இளம் என்ஜினியர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். பதிவுக் கோப்பைத் திறந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முந்திய நாள் மாலை நான் ஒழுங்காக அணைத்தது இருந்தது. அதற்கு அடுத்த வரி காலை ஏழு முப்பத்திரண்டு. நடுவில் ஒன்றும் இல்லை. ஏழேகாலில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. மின்சாரம் நிற்கவில்லை. பெட்டி கத்தவில்லை.

மின்சாரம் நின்றிருந்தால் யூ.பி.எஸ்ஸைப் பார்க்கும் வேலை உடனே ஒரு வரி எழுதியிருக்கும், வரி இல்லை என்றால் நிற்கவில்லை, எழும்பும்போதே யாரோ கணினியின் வயரையே பிடுங்கித் திரும்பச் செருகியிருக்கிறார்கள் என்றார் என்ஜினியர். பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் தலையை ஆட்டினார். தான் வரும்வரை யாரும் கணினியில் எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு என்ஜினியர் தொலைபேசியை வைத்தார்.

மூன்று நாள் கழித்து விசாரணை. அன்று காலை எனக்கு ஏழு பத்து பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் இருந்தேன். ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களத்தைத் தாண்டியபோது, ஆட்கள் எல்லோரும் மலைக்குப் போய்விட்ட வெறும் களத்தில் கணக்கப்பிள்ளை மட்டும் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல். அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போனாள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. சங்கு ஊதும் முன்பே கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு வந்து நிற்பார். அவர் வராமல் ஒரு கூடைகூட மலைக்கு ஏறாது. கூப்பிட்டு முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டால் அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா கங்காணியைக் கெஞ்சி மலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரை கொழுந்து எடுத்தாள். நிறுக்கும்போது பார்த்தால் காலையில் பெயர் இல்லை. அவளுடைய கொழுந்தை யாருடைய கூடையிலோ கொட்டினார்கள்.

"ஆனா நீ போனியே அம்மா" என்றேன்.

"போனேன். பேரு விழலையே" என்றாள், நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டே.

பஸ்ஸிலேயே எனக்கு அது புரிந்தது. புத்தகம் வைத்திருப்பவரைக் கடைசியில் வரச் சொன்னவள் நான்தான். யூ.பி.எஸ்ஸைப் பார்க்கும் வேலையின் எண் இருபதோ இருபத்திரண்டோ. அது எழும்பி, மின்சாரம் போனதைப் பார்த்து, எழுதச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கும். எழுத வேண்டியவர் தொண்ணூற்றொன்பதில். அவர் வருவதற்கு முன் எல்லாம் அணைந்துவிட்டது. இரண்டாம் முறை எழும்பியபோது கடைசியாக வந்து, நேரத்தைப் பார்த்து, ஏழு முப்பத்திரண்டு என்று முதல் வரியை எழுதியிருக்கிறார். பதினேழு நிமிடங்கள் புத்தகத்துக்கு வெளியே போய்விட்டன.

அப்படித்தானா என்று உறுதியாகத் தெரியாது. பரீட்சித்துப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது என்று உத்தரவு. உறுதியில்லாத ஒன்றை விசாரணையில் சொல்லலாமா? இல்லாத ஒன்றைச் சொல்லி மாமாவைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்தால்? என் வேலை போனால்? மகளை வைத்துக்கொண்டு கூடையோடு மலைக்குப் போக எனக்குத் தெரியாது. அம்மா அதற்காக என்னைப் படிக்க வைக்கவில்லை. தலவாக்கலை வரும்வரை இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். இறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: கேட்டால் சொல்லுவோம்.

பெரிய கிளாக்கரின் அறையில் மாமா நின்றார். நான் ஓரத்துக் கதிரையில்.

"பொத்தானை அமத்தச் சொன்னது ஆர்?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

"நானாத்தாங்க ஐயா அமுக்கினேன்."

"நீயாக? ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லீங்க. புள்ளைங்க வந்ததும் வேலைய ஆரம்பிக்கட்டுமேன்னு பாத்தேன்."

என் பக்கம் மாமா திரும்பவே இல்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் என் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினை மணிக்கு?"

"ஏழேகாலுங்க. வான் போச்சுங்க."

"மெஷினில ஏழு முப்பத்திரண்டு எண்டு கிடக்கு. கரண்ட் நிண்டது எண்டு சொல்லுறாய். அதுவும் மெஷினில இல்லை. மெஷின் பொய் சொல்லுமோ?"

"எனக்கு அது தெரியாதுங்க ஐயா. கரண்ட் போச்சுங்க. நான் பாத்தேன்."

"கேத்திலைக் கொழுவினனியோ?"

"சாமி சத்தியமா இல்லீங்க."

பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் சொல்லும். அந்தப் பதிவில கரண்ட் நிண்டதாக ஏதேனும் கிடக்கோ?"

கேட்டால் சொல்லுவோம் என்று நினைத்தவள் நான். அவர் கேட்டது இதை. நான் எதிர்பார்த்து ஆயத்தமாகியிருந்த கேள்வி வேறு.

"பதிவில ஒண்ணும் இல்லைங்க சேர்" என்றேன்.

அது உண்மை. அதற்குமேல் ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிவு அப்போது விழித்திருக்கவில்லை என்ற ஒரு வசனம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். பேனா கடதாசியில் ஓடிய சத்தம் கேட்டது. எழுதும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று காத்திருந்தேன். எழுதி முடித்ததும் "சரி, போங்கோ" என்றார். போனோம்.

வெளியே வந்ததும் மாமா என்னைத் தேற்றினார். "நீ ஏன் புள்ள மொகத்த இப்பிடி வச்சிருக்கே? ஒனக்கு ஒண்ணும் வராது. உள்ளதத்தானே சொன்னே." பிறகு கொஞ்சம் சிரித்தார். "நான் பாத்தது பேரு விழாத வேலையாப் போச்சு. அவ்வளவுதான்."

அன்று மாலை பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா, மகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தாள் என்றார். மகளைப் பற்றி எல்லாவற்றையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். பால் குடித்த நேரம், காய்ச்சல், தடுப்பூசி. பிறந்த முதல் மூன்று நாள் அதில் இல்லை, ஆஸ்பத்திரியில் நான் நினைவு தெளியாமல் கிடந்ததால் கொப்பி நாலாம் நாளில் தொடங்குகிறது. அந்த மூன்று நாளை நினைத்து இன்றும் கவலைப்படுகிறவள் நான். அன்றைக்குக் கொப்பியைத் திறந்தேன். முதல் அடி என்று எழுத முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் என்ஜினியர் வந்தார். பொறுமையான பையன். சிதைந்த தரவுகளை மட்டும் துடைத்துப் புதிதாக வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். நான் தனியாக இருந்தேன். கணினியை அணைத்து, திரும்பப் போட்டு, எழுத்துகள் ஓடும்போது யூ.பி.எஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பெட்டி கத்தியது. எல்லாம் அணைந்தது. பிளக்கைச் செருகினேன். எழும்பியதும் பதிவைப் பார்த்தேன். மின்சாரம் நின்றதாக ஒரு வரியும் இல்லை.

பிறகு தொண்ணூற்றொன்பதைப் பன்னிரண்டாக மாற்றினேன். மறுபடி அணைத்துப் போட்டுப் பிடுங்கினேன், செருகினேன், பார்த்தேன். மின்சாரம் நின்றது, பற்றரியில் ஓடுகிறது, பற்றரி முடிகிறது. மூன்று வரிகள், நேரத்தோடு.

அந்த இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போனேன். எண்ணை மாற்றியது நான், பொத்தானை அழுத்தச் சம்மதித்தது நான், நான் பிந்தி வருவதால்தான் அவர் அழுத்தினார், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கடதாசியையும் அருகில் வைத்துப் பார்த்தார்.

"இது இண்டைக்கு நடந்தது. அண்டைக்கு நடந்ததுக்கு இது சாட்சி இல்லையே."

"அன்னைக்கி ஏன் சாட்சி இல்லைங்கிறதுக்கு இது சாட்சி சேர்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் இப்பிடி எழுதியிருக்க மாட்டன். கொழும்புக்கு எழுதி, அவங்கள் முடிவெடுத்து, கடிதமும் வந்திட்டுது. பொய் சொன்னவர், வேலையால நிப்பாட்டுங்கோ எண்டுதான் அதில கிடக்கு." மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தைக் காட்டினார். அன்று காலைத் தபாலில் வந்திருந்தது. "நீர் இப்ப இதைச் சொன்னால் அந்த ஆள் திரும்பி வருவார் எண்டு நான் நினைக்கேல்லை. உமக்கும் ஒரு கடிதம் வரும். கைப்பிள்ளைக்காரி. யோசியும்."

யோசித்தேன். யோசித்து ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அச்செடுத்த கடதாசிகளையும் வைத்து, கொழும்புக்கு அனுப்பும்படி பெரிய கிளாக்கரிடமே கொடுத்தேன். வாங்கி அதே லாச்சியில் வைத்தார். அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. தபாற்கந்தோர் என் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில். நானே ஒரு முத்திரை ஒட்டிப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நின்றேன்.

ஜூன் முடிவதற்குள் மாமா அறையைக் காலி செய்தார். ராகலைப் பக்கம் மனைவியின் தம்பி இருந்த தோட்டத்துக்குப் போனார்கள். போகிற அன்று கணினி அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "பெரியம்மா, போயிட்டு வரேன். இந்தப் புள்ளைய ஓட வைக்காம நேரத்துக்கு எந்திரி" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய மகள் பாதையில் புத்தகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது. நான் அவளிடம் போய் ஏதாவது சொல்ல நினைத்தேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் லொறி புறப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு கணினியை நானே போட்டேன். ஏழு பத்து பஸ்ஸைத் தவற விடவில்லை, மகள் அழுதாலும். பன்னிரண்டாம் எண்ணில் அது நாலு நிமிடம் நின்றது, பழையபடி கொழும்பைத் தேடிக்கொண்டு. கொழும்புக்குப் பிரதி போவதை நிறுத்திவிட்டால் அந்த நாலு நிமிடமும் இருக்காது என்று என்ஜினியர் போகும்போது சொல்லியிருந்தார். ஒரு வரியை அழித்தால் போதும். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். எண்ணைத் தொட்டிருக்கவே வேண்டாம். அந்த வரியை நான் அழிக்கவில்லை. பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். திரைகள் பிந்தி வருவதாக மற்றவர்கள் குறைசொன்னார்கள். பெரிய கிளாக்கர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மகளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். லீக்ஸ் மூட்டைகளை ராகலை பஸ்ஸின் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். மாமா. மெலிந்திருந்தார்.

"அட, ஆபீஸ் புள்ளையா! பாப்பா நல்லா வளந்திருச்சே. நடக்குதா?"

"ஓடுறா மாமா."

"ஒன்ன மாதிரிதான்." சிரித்தார். மகளின் கையைப் பிடித்து, மூன்று விரலால் ஆட்டினார்.

"தங்கச்சி என்ன செய்யிறா மாமா? சோதனை எழுதினாளா?"

"எங்க புள்ள எழுதுறது. ராகலையிலேருந்து தலவாக்கலைக்குப் போயி எழுதணும். பஸ்ஸு ரெண்டு மாறணும். மொத நாளு போனா, பிந்திருச்சுன்னு திரும்பி வந்திட்டா. அப்புறம் போகமாட்டேன்னுட்டா. இப்ப டவுன்ல கடையில நிக்கிறா. நல்லாத்தான் இருக்கா." மூட்டையின் கயிற்றை இறுக்கினார். "பெரியம்மா எப்பிடி? இன்னமும் அந்த எடத்தில நின்னு யோசிக்குதா?"

"யோசிக்குது மாமா."

"ஏன் புள்ள, அன்னைக்கி கரண்ட் போனத அது கடைசி வரைக்கும் எழுதவே இல்லியா? நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன். அவ்வளவு சத்தமாக் கத்துச்சே பொட்டி."

மகள் என் தோளில் கனத்தாள். சொல்ல வேண்டியது முழுவதும் என்னிடம் இருந்தது, வரிசையாக, எண் போட்டு. ராகலை பஸ்ஸின் கண்டக்டர் கம்பியில் தட்டினார்.

"இல்ல மாமா. எழுதல."

"அதுக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம்" என்றார். மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின் படியில் ஏறிக்கொண்டார். பஸ் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நானும் ஆட்டினேன்.